நான் எப்ப மாப்ள பேசாம இருந்தேன்?

2024 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கடலூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தை இலை போட்டு மீன்குழம்பு ஊற்றினார். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்க தம்பி" என்று எப்போதும் சொல்வார், அன்றைக்குச் சொல்லவில்லை. கை கழுவிவிட்டு வந்ததும் மாமா தன் செல்போனை என் பக்கம் நீட்டினார். நாங்கள் எடுத்த வீடியோ. ஒரு நிமிடம் நாற்பதாவது விநாடியில் நிறுத்தி வைத்திருந்தார். திரையில் அவருடைய முகம். வாய் மூடியிருக்கிறது, பார்வை எங்கேயோ இருக்கிறது.

"நான் எப்ப மாப்ள பேசாம இருந்தேன்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. அந்த ஒன்பது விநாடியை அங்கே வைத்தவனே நான்தான்.

நான் புதுச்சேரிக்காரன், முத்தியால்பேட்டை. வீடியோ எடிட்டர் வேலை. லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய யூடியூப் சேனலின் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிக்கு மூன்று வருடம் எடிட் செய்தேன். கோட்டு போட்ட ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசிப்பார். இன்னொருவர் 'சிறப்பு நிருபர்' என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் போய் ஜனங்களிடம் பைட் (சின்னப் பேட்டி) எடுப்பார். கல்யாண வீட்டில், பஸ்ஸில், என் வேலை இன்னதென்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அந்தப் பேட்டியெல்லாம் நெஜமா, இல்ல ஆளை செட் பண்ணி எடுக்கறதா?"

செட் செய்வதும் உண்டு. கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு முன்னால் 'மக்கள் கருத்து' எடுக்கும்போது, பேசிய பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் எங்களுக்குத் தெரிந்த பையன்கள்தான். அது பெரிய ரகசியம் இல்லை. மீதி எல்லாம் நிஜமான ஆட்கள், அவர்கள் வாயிலிருந்து வந்த நிஜமான வார்த்தைகள். மூன்று வருடத்தில் யார் வாயிலும் நாங்கள் வார்த்தையைத் திணித்ததில்லை. என்ன கேள்விக்கு அந்தப் பதில், எதற்குப் பிறகு எது, எங்கே மௌனம் என்பதை மட்டும் நாங்கள் தீர்மானித்தோம். பொய் சொல்ல அவ்வளவே போதும். இதை நான் புரிந்துகொள்ள என் மாமா எட்டு நாள் டீக்கடைக்குப் போகாமல் இருக்க வேண்டியிருந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டார்கள். டிசம்பர் 2, 3 தேதிகளில் தென்பெண்ணை கரை மீறி ஊர்களுக்குள் வந்தது. எங்கள் பக்கத்து எல்லை எப்படி என்றால், ஆற்றங்கரையில் பாகூர்ப் பக்கத்து ஊர்கள் புதுச்சேரி, கொஞ்சம் தள்ளி இருப்பவை கடலூர் மாவட்டம். வெள்ளம் எல்லை பார்க்கவில்லை. நிவாரணம் பார்த்தது. புதுச்சேரியில் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாய் அறிவித்தார்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2,000 ரூபாய். எங்கள் நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்காது. நியாயமான விஷயமும்கூட. கேட்க வேண்டிய கேள்வி அது.

மாமாவைப் பேட்டி எடுக்கலாம் என்று சொன்னது நான். அவருக்கு எண்பது சென்ட் நிலம். கத்தரிச் செடி எல்லாம் சேற்றுக்குள் படுத்துவிட்டது. மார்கழி பிறந்ததும் விதைக்கலாம் என்று மூட்டை கட்டி வைத்திருந்த மல்லாட்டை (வேர்க்கடலை) விதை வீட்டுக்குள்ளேயே நனைந்து முளைவிட்டுவிட்டது. "நியூஸ் மாதிரிதான் மாமா, கொஞ்சம் சிரிப்பா இருக்கும்" என்று போனில் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை. சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். படிக்காமல் தமிழில் கையெழுத்துப் போட்டார். "நீ சொன்னா சரி மாப்ள."

முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி. தோளில் துண்டு. சட்டைக் காலரில் மைக். ஒரே ஒரு கேமரா. 52 நிமிடம் பேசினார். நிருபராக வந்தவர் நல்ல மனிதர், என்னைவிட மூத்தவர், அவரும் மாமா என்றே கூப்பிட்டார். நடுவில் இப்படிக் கேட்டார்: "மாமா, உங்க வீட்டுக்கு எத்தனை கார்டுக்குப் பணம் வந்துச்சு?"

"ஒரே கார்டுதான் தம்பி. பையனுக்குக் கல்யாணம் ஆயி, தனிக் கார்டுக்கு எழுதிக் குடுத்து எட்டு மாசம் ஆவுது. இன்னும் வரல. அவனுக்கு ரெண்டு கொழந்த. தண்ணி அவன் வீட்டுலயும்தான் பூந்துச்சு. கார்டு இல்லன்னா தண்ணி வராதா?"

கடைசி வரியைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. பிறகு விதை நனைந்ததைப் பற்றிச் சொன்னார். அந்தப் பதில் மொத்தம் ஒரு நிமிடம் பத்து விநாடி.

எல்லாம் முடிந்ததும் கேமராக்காரர், "ஐயா, ஒரு பத்து செகண்ட் அப்படியே உக்காருங்க. யாரும் பேசாதீங்க, அம்பியன்ஸ் எடுக்கணும்" என்றார். இது எல்லாப் படப்பிடிப்பிலும் செய்வதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சத்தம் உண்டு. காற்று, காக்கா, தூரத்தில் பம்புசெட் மோட்டார். பேச்சை வெட்டி ஒட்டினால் அந்தப் பின்னணிச் சத்தம் அறுந்து அறுந்து கேட்கும். அதை மறைக்க, அதே இடத்தின் வெறும் சத்தம் பத்து விநாடி தேவைப்படும். மாமா சொன்னபடி உட்கார்ந்தார், ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார்வதுபோல வாயை இறுக்கி மூடிக்கொண்டு. "கேமராவைப் பாக்காதீங்க" என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் பக்கத்தில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவை யாரும் நிறுத்தவில்லை.

பிறகு மாமா கால் கழுவ உள்ளே போனார். கேமராவைத் திருப்பி வைத்து, நிருபர் தன் பங்கை எடுத்தார். ஒரே கேமரா வைத்து எடுப்பவர்கள் எல்லோரும் செய்வது இது. முதலில் பேசுகிறவர் முகம், அப்புறம் கேட்கிறவர் முகம். அவர் கோட்டை மாட்டிக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து, ஒரு புருவத்தைத் தூக்கிக் கேட்டார்: "எத்தனை கார்டுக்கு வாங்கினீங்க, பெரியவரே?"

மாமாவிடம் கேட்டது 'வந்துச்சு'. காலி நாற்காலியிடம் கேட்டது 'வாங்கினீங்க'. அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு மனிதனின் மானம் இருக்கிறது. அப்போது எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்கு டைம்லைனில் 52 நிமிடத்தை மூன்று நிமிடமாகக் குறுக்கிக்கொண்டிருந்தேன். கார்டு கேள்விக்கு முன்னால் ஒரு சிரிப்பு, பின்னால் ஒரு சிரிப்பு. நடுவில் மாமாவின் உண்மையான பதிலை வைத்தால் சிரிப்பு செத்துவிடுகிறது. சுருக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை. பதிவின் கடைசிக்குப் போனபோது அந்த மௌனம் கண்ணில் பட்டது. ஒன்பது விநாடி வெட்டி, 'வாங்கினீங்க' கேள்விக்குப் பின்னால் வைத்து, கடிகாரம் டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் சேர்த்தேன். அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது. காலையில் பார்த்த எல்லோரும் சிரித்தார்கள். இது அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வேகம் மட்டுமே கண்ணில் பட்டது.

ஊரில் வேறு மாதிரிப் பார்த்தார்கள். அந்தத் தெருவில் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட குடும்பங்கள் இருந்தன. "ரெண்டு மூணு கார்டுக்கு வாங்கிட்டாரு போல. கேட்டா வாயே தொறக்கல பாரு" என்று டீக்கடையில் பேச்சு. யாரோ அந்தக் கேள்வியும் மௌனமும் வரும் இருபது விநாடியை மட்டும் வெட்டி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். மாமாவின் மகன், என் மச்சானின் தனிக் கார்டு விண்ணப்பம் வேறு நிலுவையில் இருந்தது. ஆபீஸில் யாராவது பார்த்துவிட்டு நிறுத்திவிடுவார்களோ என்று அத்தைக்குப் பயம்.

சேனலை நடத்தியவர், "காமெடிதானே, யாரு சீரியஸா எடுத்துக்கப் போறாங்க" என்றார். இரண்டு நாள் வாதாடினேன். யூடியூபில் ஏற்றிய வீடியோவுக்குப் பதிலாக அதே இணைப்பில் வேறு வீடியோ வைக்க முடியாது. ஆனால் பெரும்பாலும் உள்ளே ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கலாம், இணைப்பும் பார்வைக் கணக்கும் அப்படியே இருக்கும். பாதிக்கப்படுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. "வீடியோவையே தூக்கணும், அது முடியாது" என்று சேனல்காரர் சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். அந்தக் கேள்வியையும் மௌனத்தையும் வெட்டி எடுத்தோம். மாமாவின் முழுப் பதிலை வெட்டாமல் தனி வீடியோவாகப் போட்டோம். முதல் வீடியோவை அதற்குள் அறுபதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். இரண்டாவதை இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். வாட்ஸ்அப்பில் போனது போனதுதான்.

மச்சான்தான் ஒரு நாள் கேட்டான்: "நீங்க பாத்துக் கத்துக்கிட்டோம்னு சொல்ற அமெரிக்கா ஷோவுலயும் இப்படித்தான் பண்றாங்களா?" உண்மையில் நாங்கள் பார்த்ததெல்லாம் துண்டு வீடியோக்கள். அந்த நிகழ்ச்சிகள் பேட்டியை எப்படி எடுத்தன என்று நான் விசாரித்ததே இல்லை. அதற்குப் பிறகு பல ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன், படித்தேன்.

'தி டெய்லி ஷோ' என்ற அமெரிக்க நையாண்டிச் செய்தி நிகழ்ச்சி 1996-இல் தொடங்கியது. ஜான் ஸ்டூவர்ட் 1999 முதல் 2015 வரை நடத்தினார், 2024-இல் வாரத்தில் ஒரு நாளுக்கு மட்டும் திரும்பி வந்தார். அதில் இரண்டு வகைப் பேட்டி உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. ஒன்று, அரங்கத்தில் ஜனங்கள் முன்னால் விருந்தினர் வந்து உட்கார்ந்து பேசுவது. அது ஏறக்குறைய முழுசாக நிஜம். 2009 மார்ச் 12 அன்று பங்குச்சந்தை நிகழ்ச்சி நடத்தும் ஜிம் கிரேமரிடம் ஸ்டூவர்ட் கேட்ட கேள்விகள் பெரிய பேச்சானது. டிவியில் நேரத்துக்காகச் சுருக்கினார்கள். வெட்டாத முழு வடிவத்தை இணையத்தில் வைத்தார்கள். வேண்டியவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பேட்டி நிஜம் என்று என்னைக் கேட்டால் இன்றைக்கு நான் முதலில் சொல்லும் அடையாளம் இதுதான்: முழுசு எங்கே இருக்கிறது?

இன்னொன்று, நிருபர் வெளியே போய் எடுப்பது. எங்கள் வேலையும் இந்த வகைதான். அங்கேயும் மணிக்கணக்கில் எடுத்து நிமிடக்கணக்கில் போடுகிறார்கள். 2014-இல் குறைந்தபட்சக் கூலி பற்றிப் பேசிய பீட்டர் ஷிஃப் என்ற முதலீட்டாளர், நான்கு மணி நேரம் பேசியதிலிருந்து சில துண்டுகளைத்தான் போட்டார்கள் என்று வருத்தப்பட்டார். 2006-இல் ஸ்டீஃபன் கோல்பேர் தன் 'தி கோல்பேர் ரிப்போர்ட்' நிகழ்ச்சியில் லின் வெஸ்ட்மோர்லேண்ட் என்ற அமெரிக்க எம்.பி.யைக் கேட்டார். பத்துக் கட்டளைகளை நாடாளுமன்றத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற மசோதாவுக்கு ஆதரவு தந்தவர் அவர். பத்தையும் சொல்லுங்கள் என்றதும் மூன்று சொல்லிவிட்டுத் திணறியதாக ஒளிபரப்பானது. ஏழு சொன்னார், வெட்டிவிட்டார்கள் என்று அவர் தரப்பில் பிறகு சொன்னார்கள். மூன்றா ஏழா என்பதை முழுப் பதிவு இல்லாமல் நாம் எப்படி முடிவு செய்வது? சட்டம் கொண்டுவர நினைக்கும் ஒருவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த நான்கு கட்டளைகளைப் படிக்கும்போது எனக்கு என் ஒன்பது விநாடிதான் ஞாபகம் வந்தது.

எதிர்ப்பக்க உதாரணமும் சொல்ல வேண்டும். 2013 அக்டோபரில் அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவில் வாக்காளர் அடையாளச் சட்டம் பற்றி டெய்லி ஷோ நிருபர் ஆசிஃப் மாண்ட்வியிடம் பேசிய டான் யெல்டன் என்ற உள்ளூர்க் கட்சி நிர்வாகி, கறுப்பின மக்களைப் பற்றிச் சொன்னவற்றால் பதவியை இழந்தார். அவர் 'என்னைத் திரித்துவிட்டார்கள்' என்று சொல்லவில்லை, சொன்னதைச் சொன்னேன் என்றே நின்றார். அங்கே எடிட்டரின் கத்தரி அவரை மாற்றவில்லை. பேட்டி கொடுத்தவர் அதைப் பார்த்தபிறகு 'அது நான்தான்' என்கிறாரா, 'அது நான் இல்லை' என்கிறாரா என்பதை வைத்து நிறையப் புரிந்துகொள்ளலாம். என் மாமா கேட்டது இரண்டாவது.

எனக்கு ரொம்ப உறுத்தியது ஒரு சின்ன விஷயம். கோல்பேர் அந்த நிகழ்ச்சியில் தான் நடிக்கும் அரைகுறை ஆசாமியைப் பற்றி விருந்தினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாராம்: நான் ஒன்றும் தெரியாதவனாக நடிப்பேன், நீங்கள் நிஜமாகவே பதில் சொல்லி என்னைத் திருத்துங்கள் என்று. அரை நிமிடப் பேச்சு. நான் மாமாவிடம் சொல்லாமல் விட்டது அந்த அரை நிமிடத்தைத்தான். "நிருபர் கோட்டுப் போட்டுக்கிட்டு உங்களைச் சந்தேகப்படற மாதிரி நடிப்பாரு மாமா, நீங்க கறாராச் சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் அவர் அந்த ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார். நிகழ்ச்சியும் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

அப்படி முன்கூட்டித் தெரிந்து விளையாடியவர்களுக்கும் ஆபத்து இருந்தது. ராபர்ட் வெக்ஸ்லர் என்ற எம்.பி. 2006 தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் இருந்தார். 'போட்டி இருந்தால் தோற்றுவிடும்படியான எதையாவது சொல்லுங்கள்' என்று கோல்பேர் வாக்கியத்தைத் தொடங்கிவைக்க, கொக்கைன் பிடிக்கும் என்று சிரித்துக்கொண்டே முடித்தார். மற்றச் சேனல்கள் முன்பகுதியை விட்டுவிட்டு அவர் சொன்னதை மட்டும் காலைச் செய்தியில் ஓட்டின. அடுத்த வருடம் ஜனநாயகக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ராம் இமானுவேல் தன் கட்சியின் புதிய எம்.பி.க்களிடம் அந்த நிகழ்ச்சிக்குப் போகாதீர்கள் என்றே சொல்லிவிட்டார். முதலில் எடுத்தவர் நேர்மையாக எடுத்தாலும் இரண்டாவது கத்தரி வேறொருவர் கையில் இருக்கிறது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அதேதான்.

ஆள் யாரென்றே மறைத்து எடுப்பது தனி ரகம். பிரிட்டனில் 1997-இல் ஒளிபரப்பான 'பிராஸ் ஐ' நிகழ்ச்சிக்காக, இல்லாத ஒரு போதைப்பொருளுக்கு 'கேக்' என்று பேர் வைத்துப் பிரபலங்களைக் கண்டனம் தெரிவிக்க வைத்தார்கள். டேவிட் அமெஸ் என்ற எம்.பி. அதைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே கேள்வி கேட்டுவிட்டார். நகைச்சுவை நடிகர் சாஷா பேரன் கோஹன் 2018-இல் வேஷம் போட்டு எடுத்த பேட்டிக்காக, அமெரிக்காவின் முன்னாள் நீதிபதி ராய் மூர் 9.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தான் கையெழுத்துப் போட்ட சம்மதப் பத்திரமே அவருக்கு எதிராக நின்றது. 2021-இல் வழக்கு தள்ளுபடி, 2022-இல் மேல்முறையீட்டிலும் அதே முடிவு. சட்டம் படித்த, நீதிபதியாக இருந்த ஒருவருக்கே அந்தத் தாள் அவ்வளவு கனமாக இருந்தது. என் மாமா படிக்காமல் போட்ட கையெழுத்தை நினைத்துப் பாருங்கள்.

பதவியில் இருப்பவர் தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசினால் அதை வெளியே கொண்டுவருவது பொதுவேலை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெள்ளத்தில் விதை நனைந்த மனிதரிடம் அதே கத்தியை எடுத்துக்கொண்டு போனது தப்பு. எங்கள் கேள்வி 5,000-க்கும் 2,000-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைப் பற்றியது. அதைக் கேட்க வேண்டிய நாற்காலி வேறு எங்கேயோ இருந்தது. நாங்கள் முருங்கை மரத்தடி நாற்காலியைக் கேட்டோம், அது சுலபமாகக் கிடைத்தது என்பதற்காக.

இனி பேட்டி கொடுக்கப் போகிறவர்களுக்கு, எடிட் மேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சில விஷயம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'இல்லை', 'பொய்', 'சொல்ல மாட்டேன்' எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கும். வாலை நறுக்குவது எடிட்டருக்கு ஒரு விநாடி வேலை. "நான் ரெண்டு கார்டுக்கு வாங்கினேன்னு சொல்றாங்க, அது பொய்" என்று நீங்கள் சொன்னால், உங்கள் வாயாலேயே "நான் ரெண்டு கார்டுக்கு வாங்கினேன்" என்ற வாக்கியத்தை எனக்குத் தயாராகக் கொடுத்துவிட்டீர்கள். 'ன்' என்ற ஒலியோடு நிறுத்தினால் போதும். அதனால் உங்கள்மேல் சொல்லப்படும் பழியை நீங்களே திருப்பிச் சொல்லாதீர்கள். "எங்க வீட்டுக்கு ஒரே கார்டு" என்று சொல்லி நிறுத்துங்கள். அதை வெட்ட இடமில்லை. கேள்வியையும் பதிலுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். வெறும் 'ஆமாம்', வெறும் 'இல்லை', வெறும் தலையாட்டல் மூன்றும் எந்தக் கேள்விக்குப் பின்னாலும் ஒட்டும். "ஆமாம்" என்பதற்குப் பதில் "ஆமாம், 2,000 ரூபாய் வந்துச்சு" என்றால் அதற்கு ஒரே கேள்விதான் பொருந்தும்.

பார்க்கிறவர்களும் இதைக் காதால் பிடிக்கலாம். 'என்று', 'ன்னு' வரப்போகும் இடத்தில் நம் குரல் மேலேயே நிற்கும், இறங்காது. வாக்கியம் முடிந்துவிட்டது, ஆனால் குரல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அங்கே வால் வெட்டப்பட்டிருக்கிறது. கண்ணுக்கும் அடையாளம் உண்டு. எங்கள் வீடியோவில் மாமாவுக்குப் பக்கத்தில் அத்தை வைத்த டீ கிளாஸ் இருந்தது. முதல் பதிலில் நிறைய டீ, அடுத்ததில் காலி, மௌனத்தில் கிளாஸே இல்லை. எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மரத்தின் நிழலும் ஒரு முழம் நகர்ந்திருந்தது. அறுபதாயிரம் பேரில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. கேட்கிறவரும் பதில் சொல்கிறவரும் ஒரே சட்டகத்தில் சேர்ந்து தெரிகிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்த நேரத்தில் கேட்கப்பட்ட கேள்வியை நம்பலாம். நிருபர் முகம் தனியாக வந்து கேட்கும் கேள்வியை அப்படி நம்ப வேண்டாம்.

பேட்டிக்கு முன்னால் நிகழ்ச்சியின் பெயரைக் கேளுங்கள், பழைய பேட்டி ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் பார்த்தாலே அவர்கள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். உங்கள் செல்போனில் நீங்களும் பதிவு செய்யுங்கள். அதைச் சொல்லிவிட்டே செய்யுங்கள், அதுவே பாதி வேலையைச் செய்யும். கடிதத்தைத் தமிழில் கேளுங்கள், அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, தவறான தகவல் சொல்லி வாங்கிய சம்மதத்தைப் பாதிக்கப்பட்டவர் ரத்து செய்ய முடியும். ஆனால் என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். தப்பாகப் போட்டுவிட்டால் முதலில் சேனலுக்கு எழுத்தில் அனுப்புங்கள், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று குறிப்பிட்டு. கோபத்தில் எழுதும் பத்து வரியைவிட அந்த எண் வேலை செய்யும். அதற்கும் மசியவில்லை என்றால் யூடியூபின் தனியுரிமைப் புகார் வழி இருக்கிறது. அதில் வீடியோ போட்டவருக்குச் சரிசெய்ய 48 மணி நேரம் வரை தருவார்கள்.

மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிருபர் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும் என்று தோன்றும். நிரப்பும்போது வருவதுதான் அவர்களுக்கு வேண்டியது. நீங்களும் சும்மா இருந்தால் அந்தச் சும்மாவையும் பயன்படுத்தலாம். "அடுத்த கேள்வி கேளுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என்னைப்போல எடிட் மேசையில் இருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேட்டியில் ஒருவரின் முகத்தை ஒரு கேள்விக்குப் பின்னால் வைக்கும்போது, அந்த முகம் அந்தக் கேள்வியைக் கேட்டதா என்று பாருங்கள். கேட்கவில்லை என்றால் வைக்காதீர்கள். நான் அந்தச் சேனலில் அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தேன். கேள்வியைத் திரும்ப எடுக்கும்போது நேரில் கேட்ட அதே சொற்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். அம்பியன்ஸை கேமராவை மூடிவிட்டுத்தான் எடுத்தோம். சிரிப்புக் குறையவில்லை.

மச்சானுக்குக் கார்டு வந்துவிட்டது. டீக்கடைப் பேச்சு தை பிறந்ததும் தானாக அடங்கியது. அத்தை மறுபடியும் "வெச்சுக்க தம்பி" என்று சொல்ல மாசி ஆனது.

வைகாசியில் ஆற்றங்கரை உடைப்பைப் பற்றிப் பேட்டி எடுக்க வேறு ஒரு குழு அந்த ஊருக்கு வந்திருக்கிறது. மாமா மறுக்கவில்லை. நாற்காலிக் கையில் செல்போனை வைத்து, "நானும் பதிவு பண்ணிக்கறேன் தம்பி" என்று சொல்லிவிட்டே ஆரம்பித்தாராம். அந்தப் பதிவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். முழுசாகக் கேட்டேன். கேள்விக்குக் கேள்வி, பதிலுக்குப் பதில், கரை எங்கே உடைந்தது, எத்தனை மூட்டை மணல் போட்டார்கள் என்று நிதானமாகச் சொல்லியிருக்கிறார். கடைசியில் யாரோ, "ஐயா, ஒரு பத்து செகண்ட் சும்மா உக்காருங்க" என்கிறார்.

மாமாவின் குரல் வருகிறது. "இப்ப சத்தம் எடுக்கறதுக்காகச் சும்மா உக்காந்திருக்கேன். என்கிட்ட யாரும் கேள்வி எதுவும் கேக்கல. எடுத்துக்குங்க."

அதற்குப் பிறகு பத்து விநாடி. ஒரு காக்கா, பம்புசெட் மோட்டார், உள்ளேயிருந்து பேரனைக் கூப்பிடும் அத்தையின் குரல்.